எலியாவைப் பற்றி நாலு வரி

தங்கபாய் இறந்துபோன கணவன் எலியாவின் தாடையைச் சுற்றித் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது முற்றத்தில் பேச்சு சட்டென்று நின்றது. நிமிர்ந்தாள். தம்பி பொன்னப்பன் வாசலில் நின்றான். காஞ்சிரங்குளத்தில் பள்ளி வாத்தியார். கூப்பிடு தூரத்தில் இருந்தும் வருஷக்கணக்காக இந்த வீட்டுக்கு வராதவன்.

"வா மக்கா," என்றாள்.

அவன் உள்ளே வந்து எலியாவின் காலருகே நின்றான். "எப்பளாக்கும்?" என்று கேட்டான்.

"விடியக்காலம். காப்பி கேட்டாவ. கொண்டு வாறதுக்குள்ள..."

எலியா நெய்யாற்றின்கரைத் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா. ஆனால் ஊர் அவரை அறிந்தது அதனால் அல்ல. திருவனந்தபுரத்திலிருந்து வந்த தமிழ் வாரப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதினார். துரைமாரும் உத்தியோகஸ்தரும் ஆடுவதை எழுத வேறு ஆள் உண்டு என்பார். பனையிலிருந்து இறங்கிய கையோடு பந்தாட வருகிறவர்களையும், தறியை விட்டு எழுந்துவந்து ஆற்றில் நீந்துகிறவர்களையும், அதியன்னூரில் அறுத்த வயலில் சடுகுடு ஆடுகிறவர்களையும் தேடி நடந்தார். ஜெயித்தவன் பெயரோடு தோற்றவன் பெயரையும் எழுதினார். அவர்களில் பலருடைய பெயர் அதற்கு முன் அச்சில் வந்ததே இல்லை. பாறசாலை வரைக்கும் குடிசைச் சுவர்களில் அந்தப் பத்திரிகைத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

சில வருஷங்களுக்கு முன்பு மகாராஜா பிறந்தநாள் பந்தாட்டத்தில் பொன்னப்பன் போட்ட கோலால்தான் காஞ்சிரங்குளத்துக்குக் கோப்பை கிடைத்தது. ஊரே அவனைத் தோளில் தூக்கியது. பந்து கையில் பட்டு உள்ளே போனதை நடுவர் பார்க்கவில்லை. எலியா பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் பொன்னப்பன் அடுக்களைப் பக்கமாக வந்து அக்காவிடம், "அந்த ஒரு வரிய விடச் சொல்லுக்கா," என்று கெஞ்சினான். அவள் சொன்னாள். எலியா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "நான் பாத்தேனே, தங்கம்," என்றார் கடைசியில். வரி அச்சில் வந்தது. சந்தையில் பையன்கள் பொன்னப்பனைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார்கள். அவன் அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. தங்கபாய் அந்த மழைக்காலம் முழுவதும் கணவனோடு பேசவில்லை. பிறகு பேசினாள். ஆனால் இருவர் மேலும் இருந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை.

மத்தியானம் சபை உபதேசியார் சுந்தரதாஸ் ஒரு தந்தித் தாளுடன் வந்தார். "பத்திரிகைக்காரங்க கம்பி அடிச்சிருக்காவ. எலியாவப் பத்தி நாலு வரி எழுதி இன்னைக்கே அனுப்பணுமாம். பொன்னப்பன் சாரு எழுதட்டு."

சொன்ன பிறகுதான் அவருக்கு அந்தப் பழைய வரி நினைவு வந்தது. 

"எழுதுதேன்," என்றான் பொன்னப்பன்.

எலியாவின் மேசையில் உட்கார்ந்து எழுதினான். முற்றத்தில் சபையார் பாடும் பாட்டுக் கேட்டது. தங்கபாய் பக்கத்தில் போனதும் மெதுவாக வாசித்தான். "'...விளையாட்டு வீரர்கள் எல்லாராலும் நேசிக்கப்பட்டவர்...'"

"எல்லாருமா மக்கா?"

அவன் தலை நிமிரவில்லை. அந்த வரியை அடித்தான். பாட்டு ஒன்று முடிந்து வேறொன்று தொடங்கும் வரைக்கும் பேனா அசையவில்லை. பிறகு எழுதி வாசித்தான். "'தன் மைத்துனனின் கை பந்தில் பட்டதையும் மறைக்காமல் எழுதியவர்.'"

 தங்கபாய் எலியாவின் மேல் கிடந்த துப்பட்டியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பொன்னப்பன் பேனாவை மறுபடியும் மையில் தோய்த்தான்.

"இன்னும் என்ன?" என்றாள்.

"பேரு. பேரு போடாம அத்தான் ஒண்ணும் எழுதமாட்டாவ இல்லியா."

மைத்துனன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தன் பெயரை ஊரோடு சேர்த்து எழுதினான். தாளை மடித்து உபதேசியாரிடம் கொடுத்தான்.

அடக்கத்துக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பலருடைய முகம் தங்கபாய்க்குத் தெரியாது. பெட்டியைத் தூக்க அவர்கள் முண்டியடித்தபோது பொன்னப்பன் முன்பக்கம் தோள் கொடுத்தான். கல்லறைத் தோட்டம் வரைக்கும் வேறு யாரையும் தோள் மாற்ற விடவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. அடுத்த வீட்டுச் சரசம்மா ஒரு பானைக் கஞ்சி வைத்துவிட்டுப் போனாள்.

"போகணுமாக்கும்?" என்று தங்கபாய் கேட்டாள்.

"இல்லக்கா. நாளைக்குப் போறேன்."

அவனுக்கு ஊற்றிவிட்டுத் தனக்கும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கஞ்சியில் ஆவி பறந்தது. ஆறட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.