அறுபத்தேழாம் கையெழுத்து

என் கணவர் இறந்து இருபத்தெட்டாவது நாள் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதுவரை எனக்குப் பால் வாங்கித் தந்துகொண்டிருந்தவள் எதிர்வீட்டு அலுவாலியா அம்மாள். அதற்கு மறுநாள் அவள் கொடியைத் தூக்கிக்கொண்டு சிறை வாசலுக்குப் போய்விட்டாள். ஊழல் ஒழிப்புச் சட்டம் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கவிருந்த பெரியவரை முந்தின நாள் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். தில்லியில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள். அதனால் பாலுக்கு நானே கீழே இறங்கினேன். லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் மனுவின் நகலை ஒட்டியிருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் இருநூற்றுப் பதினான்கு பேர் அந்தச் சட்டத்தை ஆதரிக்கிறார்கள் என்று மேலே பெரிய எழுத்தில் இருந்தது. தேதி ஆகஸ்ட் 16, 2011. அறுபத்தேழாவது வரியில் பிரிஜ்நந்தன் சக்சேனா, பி-34.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று. பால் பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தை. அவருடைய கையெழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும். இதுவோ பட்டம் விட்ட நூல் மாதிரி வால் நீட்டிக்கொண்டு போனது.

அவர் கையெழுத்துப் போட மறுத்தது இந்தக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் சட்ட அமைச்சகத்தில் மசோதாக்களின் வாசகத்தைச் சரிபார்த்தவர் அவர். இயக்கத்தார் எழுதிய வரைவை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வந்து, சிவப்புப் பேனாவோடு ஒரு வாரம் உட்கார்ந்தார். அவருக்கு ஒரே ஒரு பிரிவில்தான் மனத்தாங்கல்.

"மூணு நாற்காலி ஸ்நேஹ்" என்பார். "புகாரை வாங்குறது ஒண்ணு. விசாரிக்கிறது ஒண்ணு. விசாரிச்சவன் மேலயே புகார் வந்தா அதைக் கேக்குறது ஒண்ணு. இவங்க மூணுலயும் ஒரே ஆளை உக்கார வெக்கிறாங்க. இதை மட்டும் மாத்தட்டும், முதல் கையெழுத்து என்னோடது."

எனக்கு அந்தச் சட்டம் வேண்டும். அவர் ஓய்வுக்குப் பின் ஒரு சான்றிதழுக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு ஏழு முறை நடந்திருக்கிறேன். எட்டாவது முறை அந்த மேசைக்காரன் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க புரிஞ்சுக்கவே மாட்டேங்கறீங்களே" என்று அலுத்துக்கொண்டான். அதனால் ஜூலை பத்தொன்பதாம் தேதி மாலை அவரிடம் கத்தினேன்.

"நாடே ஒரு பக்கம் நிக்குது. உங்களுக்கு மட்டும் ஒரு வரி குறுக்க நிக்குதாக்கும்!"

"வரிதான் நிக்கும் ஸ்நேஹ். ஜனங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. உனக்கு வேணும்னா நீ போடேன், யாரு தடுத்தா?"

அந்தத் தோரணைக்காகவே நான் போடவில்லை. மறுநாள் காலை நடைக்குப் போனவர் பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால் சரிந்தார். கூட நடந்தவர் குல்பூஷண் டண்டன். எங்கள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர், மனுவை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தவரும் அவரேதான். என் கணவரைத் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், பிறகு பாடைக்குத் தோள் கொடுத்ததும் டண்டன்தான். இதை மறந்துவிட்டு நான் எதையும் எழுத முடியாது.

பாலை வாசற்படியில் வைத்துவிட்டு டண்டனின் வீட்டு மணியை அடித்தேன்.

"வாங்க பாபிஜி, உக்காருங்க. டீ போடச் சொல்லட்டுமா?" நண்பரின் மனைவி என்பதால் அவருக்கு நான் அண்ணி முறை, எனக்கு அவர் அண்ணன் முறை.

"டீ வேண்டாம் பாய் சாப். அறுபத்தேழு யாரு போட்டது?"

டண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மனசு கேக்கல பாபிஜி. சக்சேனா பேரு இல்லாத லிஸ்ட் ஒரு லிஸ்ட்டா? இருந்திருந்தா இந்நேரம் போட்டிருப்பாரு."

"போட மாட்டேன்னு உங்ககிட்டயே மூணு தடவை சொன்னவரு."

"வாயால சொன்னாரு. மனசு நம்ம பக்கம்தானே?"

"மனசுக்குக் கை இல்லையே பாய் சாப். அந்தப் பேரை அடிச்சிடுங்க."

"அடிக்கிறதா?" டண்டன் பதறிப்போனார். "அசல்ல அடிச்சா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க? ஞாயித்துக்கிழமை இதை இயக்கத்துக்காரங்ககிட்ட குடுக்கணும். ஒரு பேரு பாபிஜி. லட்சக்கணக்குல வருது. யாரு எண்ணப் போறா?"

"எண்ணாததுக்கு எதுக்கு இத்தனை நம்பர் போட்டீங்க?"

டீ மட்டும் வந்தது.

அடுத்த மூன்று நாளும் எனக்குப் புத்திமதி வந்துகொண்டே இருந்தது. லிஃப்டில், மாடிப்படியில், காய்கறி வண்டியடியில். பாபிஜி பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்றார்கள். அவர் ஆத்மா சந்தோஷப்படும் என்றார்கள். இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்று ஒருத்தி என் காதோடு சொன்னாள். செத்துப்போனவர் பெயரில் பொய்க் கையெழுத்துப் போட்டது கெட்ட பெயர் இல்லை, அதைச் சொன்னதுதான் கெட்ட பெயர். வெண்டைக்காயை ஒடித்து ஒடித்துப் பார்த்தபடி அதையும் கேட்டுக்கொண்டேன். முற்றலாகவே வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பூங்காவில் கூட்டம். பெரியவரை அதற்குள் வெளியே விட்டிருந்தார்கள். தில்லியின் பெரிய மைதானத்தில் உண்ணாவிரதம் நடந்துகொண்டிருந்தது. ராத்திரி மழையில் புல் சேறாகியிருந்தது. வாடகை நாற்காலிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து புதைந்தன. எல்லார் தலையிலும் வெள்ளைத் தொப்பி. சமோசா வந்திருந்தது. பேசி முடித்து, தீர்மானம் போட்டு, பன்னிரண்டு மணி பஸ்ஸில் மைதானத்துக்குப் போவதாகத் திட்டம்.

பேசத்தான் செய்தார்கள். எம்.பி.க்கள் அத்தனை பேரும் திருடர்கள் என்று டண்டன் தொடங்கினார். மின்வாரிய இன்ஜினியர் ஜாதவ் கையைத் தூக்கினார்.

"அந்தத் திருடங்களுக்கு ஓட்டுப் போட்டது யாரு டண்டன் ஜி?"

"நாங்க போடல!"

"அதான். ஓட்டுப் போடுற அன்னிக்கு லீவு கிடைச்சுதுன்னு பாதிப் பேர் மசூரிக்குப் போயிட்டீங்க. நான் வரிசையில நின்னேன். அது இருக்கட்டும். இந்தச் சட்டப்படி மேல உக்காரப்போற பதினோரு பேர்ல எங்க ஜனங்க எத்தனை பேரு?"

"இங்கயும் ஜாதியைக் கொண்டு வரணுமா ஜாதவ் ஜி?" என்றாள் அலுவாலியா அம்மாள்.

"நான் எங்கம்மா கொண்டு வந்தேன்? எனக்கு முன்னாடியே வந்து நாற்காலி போட்டு உக்காந்திருக்கு."

சிலர் சிரித்தார்கள். சிலர் சமோசாத் தட்டைப் பார்த்தார்கள். டண்டன் அவசரமாகத் தீர்மானத்தை எடுத்தார். "நம்ம குடியிருப்புல இருநூத்திப் பதினாலு பேரு..." என்று அவர் படிக்கத் தொடங்கும்போது நான் எழுந்தேன்.

"இருநூத்திப் பதிமூணு" என்றேன்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் இருபத்தாறு வருடம் சத்தம் போடாதே என்று சொன்னதுதான் என் பேச்சு. இருந்தாலும் சொன்னேன். அறுபத்தேழாவது கையெழுத்து என் கணவருடையது இல்லை. அவர் போட மறுத்தார், காரணமும் சொன்னார். அவர் மறுத்தது மறுத்ததாகவே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சுவது ஒரு மூக்குக்கண்ணாடிதான்.

"பாபிஜி, இத்தனை பெரிய விஷயம் நடக்கறப்ப..." என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அலுவாலியா அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "என் பையன் பெங்களூர்ல இருக்கான். அவனுக்கு நான்தான் போட்டேன். அம்மா போட்டா அது தப்பா?"

ஜாதவ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "இந்த மனுவை விசாரிக்கவே தனியா ஒரு சட்டம் வேணும் போலிருக்கே."

சிரிப்பு எழுந்தது. டண்டனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன் பாபிஜி. நீங்க சொல்ல வெக்கிறீங்க. 2004-ல நம்ம சங்கத்துப் பொதுக்குழுக் கூட்டத்துக்கு நான் வர முடியல, லூதியானாவுல இருந்தேன். எனக்காக ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டது யாரு? உங்க வீட்டுக்காரர்! போன் பண்ணிச் சொன்னேன், சரி எழுதிடுறேன்னாரு. அப்ப அது நட்பு, இப்ப நான் செஞ்சா மோசடியா? ராம்சரண்! ஆபீஸ் அலமாரியில பழைய ரிஜிஸ்டர் இருக்கு, எடுத்துட்டு வா!"

காவல்காரர் ராம்சரண் போய்த் திரும்பும் வரை என் கால்கள் சேற்றில் புதைந்துகொண்டிருந்தன. இது எனக்குத் தெரியாது. அப்படிச் செய்யமாட்டார் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? நாற்பது வருடம் கூட இருந்தாலும் ஒரு மனிதர் தன் நண்பருக்கு என்னென்ன செய்தார் என்று மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ரிஜிஸ்டரின் மூலைகளைச் செல் அரித்திருந்தது. டண்டன் பக்கத்தைக் கண்டுபிடித்து வெற்றியோடு உயர்த்திக் காட்டினார். அவருடைய பெயருக்கு எதிரே எறும்பு வரிசை. அது என் கணவர் கைதான்.

"படிக்கிறேன், எல்லாரும் கேளுங்க" என்று கண்ணாடியை மாட்டினார். "'டண்டன் இன்று காலை 9.40-க்கு லூதியானாவிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். அவர் கூட்டத்துக்கு...'"

நிறுத்திவிட்டார்.

"படிங்க ஜி" என்றார் ஜாதவ்.

"'அவர் கூட்டத்துக்கு வரவில்லை. வருகையில் இவரை எண்ணக் கூடாது. பி. சக்சேனா.'"

ஜாதவ் மெதுவாகக் கேட்டார். "அந்த வருஷம்தானே ஒரே ஒரு ஆள் குறைஞ்சு கூட்டம் செல்லாம போச்சு? மறுபடி முதல்லேருந்து நடத்தினோமே?"

"ஏழு வருஷமா அந்த ஒரு ஆள் யாருன்னு தெரியாம வைஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் டண்டன். "வராதவன் நான்தானா!"

பூங்காவே சிரித்தது. நானும் சிரித்தேன், அவர் போனபிறகு முதல் முறையாக. சிரிப்போடு எரிச்சலும் வந்தது. இந்த மனிதரோடு எப்படித்தான் குடும்பம் நடத்தினேன்!

டண்டன் மட்டும் சிரிக்கவில்லை. ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் புதைந்தது.

"அவன் போன அன்னிக்குக் காலையிலயும் கையெழுத்தைத்தான் கேட்டேன் பாபிஜி" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "'போட்டுத் தொலையேன்டா, பிடிவாதக்காரா'ன்னு திட்டினேன். சிரிச்சான். வாசல் வரைக்கும்கூட வரல, விழுந்துட்டான். அவன் கையெழுத்து அதுல இருந்தா, கடைசியில சரின்னுட்டான்னு ஆயிடுமில்ல? இல்லன்னா நான் திட்டினது மட்டும்தான் மிச்சம்."

பலகைக்கு முன்னால் பால் பையோடு நான் நின்ற அந்த ஒரு நிமிடம் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"நானும் முந்தின நாள் சாயங்காலம் கத்தினேன் பாய் சாப்" என்று மட்டும் சொன்னேன். "அடிச்சிடுங்க."

அசல் காகிதத்தை எடுத்தார். ஸ்கேல் கேட்டார். யாரிடமும் இல்லை. ரிஜிஸ்டரின் விளிம்பை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 'இது நான் போட்டது' என்று எழுதி, தன் கையெழுத்தையும் தேதியையும் போட்டார். அந்த எழுத்துக்கும் பட்டத்து வால்தான்.

"என் பையனோடதையும் அடிச்சிடுங்க" என்றாள் அலுவாலியா அம்மாள் உரக்க. "எல்லாரும் என்னையே முறைச்சுப் பாத்தா நான் எப்படிச் சமோசா தின்னறது?"

வாசலில் பஸ் ஹார்ன் அடித்தது. தொப்பிகள் எழுந்தன. நான் டண்டனிடம் பேனாவைக் கேட்டேன்.

"எதுக்கு பாபிஜி?"

"நான் இன்னும் போடலையே."

கடைசிப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன், ஸ்நேஹலதா சக்சேனா, பி-34 என்று. கையெழுத்துப் போட்டேன். பிறகு அதற்கு அருகிலேயே, சிறிய எழுத்தில், மூன்று நாற்காலியைப் பற்றி எழுதத் தொடங்கினேன்.

"அய்யோ, அதுக்கு இதுல கட்டம் இல்லையே பாபிஜி."

"ஓரத்துல இடமிருக்கு."

"பஸ் நிக்குது!"

"நிக்கட்டும்."

ஓரத்தில் இடம் போதவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் தொடர்ந்தேன். அவர் சொன்ன வாக்கியங்கள் எனக்கு அச்சடித்த மாதிரி நினைவிருந்தன. எத்தனை சாப்பாட்டு வேளை கேட்டிருக்கிறேன்! டண்டன் என் தோளுக்கு மேலே குனிந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். என் கணவர் உயிரோடு இருந்து சொன்னபோது டண்டன் இதை முழுதாகக் கேட்டதில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

"இதையெல்லாம் அங்க யாரு படிப்பா பாபிஜி?" என்றார்.

"தெரியாது. நீங்க படிச்சீங்க."

பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அதற்கும் என்னைத்தான் சொன்னார்கள்.