கைப்பிடியில் ஒரு கணு

கனடாவின் யூனியன்வில்லில் வாங்கிய பழைய மரக்குற்றி வீட்டைத் திருத்தும்போது, படிக்கட்டின் கைப்பிடியை மட்டும் மாமாங்கம் தன் கையாலேயே செய்து பூட்டினார். ஒரே பைன் மரத்தடி. முழுவதையும் வழுவழுவென்று இழைத்தவர், கடைசிப் படிக்குச் சற்று முன்னால் ஒரு கணுவை மட்டும் இழைக்காமல் புடைப்பாகவே விட்டிருந்தார். மனைவி தங்கேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இவ்வளவும் இழைச்ச மனுசனுக்கு உந்தக் கணுவை இழைக்கப் பஞ்சியோ? அவ்வளவு சோம்பலோ?”

“மேல போய், கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வாரும்.”

முணுமுணுத்தபடி ஏறியவள், கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கினாள். உள்ளங்கையில் கணு தட்டுப்பட்டது.

“இனி ஒரு படிதான். காலால தடவித் தேட வேண்டாம்,” என்றார் மாமாங்கம்.

தங்கேஸ்வரி கண்ணைத் திறக்கவில்லை. தன் பார்வை மங்கிக்கொண்டு போகிறதென்று கண் டொக்டர் சொன்னதை அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.