கியரில் அப்பிய சந்தனம்

கார் தேறாது என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும் என்றுதான், டாலிகஞ்சில் மெக்கானிக் ரஞ்சனின் பட்டறைக்கு அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அப்படிச் சொல்லிவிட்டால் என் மனைவி மாதங்கி போனதற்கு நான் காரணமில்லை என்றாகும். மூன்று மாதமாக எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அன்று காலை லேக் கார்டன்ஸ் வீட்டில் அவளுக்கு வாய் கோணியது. வலது பக்கம் துவண்டு, பேச்சும் நின்றுவிட்டது. கைத்தாங்கலாகக் காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். எஞ்சினில் சத்தமே இல்லை. மீட்டரில் கியர் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. பத்துத் தடவை திருப்பியிருப்பேன். வாடகைக் கார் வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்" என்றார் டாக்டர். இரண்டாம் நாள் போய்விட்டாள், என் மாதங்கி.

பதினாறு வருஷத்து ஆட்டோமேட்டிக் கார். முழங்கால் வலியோடு கிளட்ச் மிதிக்க முடியாது என்று அவளுக்காக வாங்கியது. ஓட்டியதெல்லாம் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக் குறை சொன்னது நான்.

ரஞ்சன் முதலில் வேறு பேட்டரி மாட்டினான். ஹாரன் அலறியது, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பினால் அதே மௌனம், அதே மின்னல். கியரை பார்க்கிங்கிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு மறுபடி திருப்பினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.



கியரைச் சுற்றியிருந்த மூடியைக் கழற்றிக் காட்டினான். அடியில் ஒரு சின்ன சுவிட்ச். அதன்மேல் குங்குமச் சிவப்போடு இறுகிக் கிடந்தது சந்தனம். கியர் பார்க்கிங்கில் இருப்பதே வண்டிக்குத் தெரியவில்லை, அதனால்தான் கிளம்ப மறுக்கிறது, விளக்கும் மின்னுகிறது என்றான்.

சந்தனம் என் கைங்கரியம். ஆயுத பூஜை வந்தால் கியர் தலையில் குழைத்து அப்பிவிடுவேன். "போறும்னா, உள்ள வழியறது" என்பாள். "சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாதே" என்று எரிந்து விழுவேன்.

ரஞ்சனுக்கு மாதங்கி காக்கிமா, சித்தி; நான் காகு, சித்தப்பா. வங்காளத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "காக்கிமா பூஜை முடிஞ்ச வாரமே வந்தாங்க. சுத்தம் பண்றேன்னேன். சந்தனத்தாலன்னு தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படும், மார்கழியில நீங்க சென்னைக்குப் போனதும் வரேன்னாங்க. அதுவரைக்கும் நியூட்ரல்ல போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கொடுத்தேன். உங்ககிட்ட சொல்லலையா, காகு?"

சொன்னாள். அன்று காலை சொன்னாள். துவளாத இடது கையை நீட்டி, கியரைப் பிடித்துப் பிடித்துத் தள்ளினாள். வேதனையில் எதையோ பற்றுகிறாள் என்று நினைத்தேன். "கையை எடு! சும்மா இரு!" என்று கத்தித் தட்டிவிட்டேன். மூன்று தடவை தட்டிவிட்டேன். நான்காவது தடவை அவள் கை நீளவில்லை.

ரஞ்சன் சுவிட்சைத் துடைத்து மூடியைப் பொருத்தினான். "இனிமே பார்க்கிங்லயே ஸ்டார்ட் ஆகும், உட்கார்ந்து பாருங்க காகு" என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தான்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. சுற்றி வந்து, அவள் அன்று உட்கார்ந்திருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். இடது கையை நீட்டிப் பார்த்தேன். கியர் சுலபமாக எட்டியது.