முனியாண்டியின் போத்தல் வேலி

இப்போது யாரும் எதையும் கேட்டு எடுப்பதில்லை என்பது மாயாண்டியின் முடிவான கருத்து. வேலியோர முருங்கையை ஒடிக்கிறவன் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோயில் வாசலில் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், அடுத்த வெள்ளிக்கிழமை அதே செருப்போடு வந்து பக்கத்தில் நின்று கும்பிடுகிறான். கேட்டால், "பழசுதானே லா" என்கிறான். பழசு என்றால் ஊருக்கே பொது என்று எவனோ சட்டம் போட்டுவிட்டது போல.

அன்று காலை விளக்கேற்ற முனியாண்டி சாமியின் மேடைக்குப் போன மாயாண்டி, கண்டதை நம்பாமல் மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தார். சூலம் இருந்தது. கல் இருந்தது. சுற்றிலும் நட்டிருந்த போத்தல்களில் ஒன்றுகூட இல்லை. மண்ணில் குழிகள் மட்டும் வட்டமாக வாய் பிளந்து கிடந்தன.

அந்த ரப்பர் தோட்டத்தில் காவல் சாமி முனியாண்டிக்கு ஸ்டவுட் பீர் வைத்து வேண்டிக்கொள்வது வழக்கம். காலிப் போத்தலைத் தூக்கி எறிய மாட்டார்கள். கழுத்து கீழே இருக்கும்படி மண்ணில் நட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளை பிறந்ததற்கு ஒன்று, காணாமல் போன மாடு திரும்பி வந்ததற்கு ஒன்று என்று நட்டு நட்டு, மேடைக்கு அதுவே வேலியாகிவிட்டது.

இப்போது ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நடப்போகிறார்கள். மண்வாரி இயந்திரம் பக்கத்து மர நிரை வரைக்கும் வந்துவிட்டது. ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் மைக்கல்ராஜ் மேனேஜரிடம் பேசி வாங்கிக் கொடுத்த சலுகை ஒன்றே ஒன்றுதான்: போத்தல் வேலிக்கு உள்ளே இருப்பதைத் தொட மாட்டார்கள். மண்வாரி ஓட்டுகிற பங்களாதேஷ்காரனுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தது. போத்தல் தெரிந்தால் திருப்பு. தெரியாவிட்டால் தள்ளு.

மேனேஜர் வேலைதான் இது என்று மாயாண்டி முதலில் நினைத்தார். பிறகு குழிகளைச் சுற்றியிருந்த சப்பாத்துத் தடங்களைக் குனிந்து பார்த்தார். மேனேஜருக்கு அவ்வளவு சின்னக் கால் கிடையாது. தடங்களைப் பிடித்துக்கொண்டே பாலர் பள்ளி வரை போனார்.

முன்பு ஆயா கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையில்தான் இப்போது அந்தப் பள்ளி நடக்கிறது. வாசலில் நீலம், பழுப்பு, ஆரஞ்சு என்று மூன்று மறுசுழற்சிப் பெட்டிகள். பக்கத்துப் பாயில் முனியாண்டியின் போத்தல்கள் குளித்து முடித்து வெயிலில் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு காகித முகம் ஒட்டியிருந்தது. சிரிக்கிற முகம், அழுகிற முகம், பயந்த முகம், கோப முகம்.

"ஏம்மா, முனியாண்டி போத்தல புடுங்குனது நீதானா?"

புஷ்பவள்ளி டீச்சர் ராசா டவுனிலிருந்து வந்து போகிறவள். அங்கே கோயிலுக்கு டைல்ஸ் போட்டு, இரும்பு கேட்டும் போட்டிருப்பார்கள். போத்தல் நட்ட கோயிலை அவள் எங்கே கண்டாள்.

"பாதி மண்ணுல பொதைஞ்சு கெடந்துச்சு தாத்தா, குப்பைன்னு நெனச்சுட்டேன். கண்ணாடி மண்ணுல மக்காது, மறுசுழற்சிக்குக் குடுக்கணும்னு நேத்து பிள்ளைங்களுக்குப் பாடம்."

"மக்கக் கூடாதுன்னுதானே போத்தல நட்டோம். மக்கணும்னா வாழ மட்டைய நட்டுருப்போமே."

மண்வாரியின் கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் அதன் உறுமலே கொட்டகை வரை கேட்டது. டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. உடனே ஒரு சாக்கை எடுத்துப் போத்தல்களை அள்ளிப் போடுவாள் என்று மாயாண்டி எதிர்பார்த்தார். அவளோ, எடுத்தவர்களே பார்க்கட்டும் என்று பிள்ளைகளைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினாள்.

"தாத்தா மூஞ்சியப் பாருங்க. நம்ம போத்தல்ல எது மாதிரி இருக்கு?"

"கோவம்," என்றன பல குரல்கள்.

"பசி," என்றான் சசிதரன்.

ஜூலியானா என்ற ஐந்து வயதுப் பெண் மட்டும் கழுத்தைச் சாய்த்து அவரை நெடுநேரம் பார்த்தாள். "பயம்," என்றாள்.

"பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இடுப்பு வலி," என்றார் மாயாண்டி. "மெஷினு வருது. நீங்க மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க."

ஆளுக்கொரு போத்தலை அணைத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நடந்தார்கள். மேடைக்குப் போனதும் அவரே பரபரவென்று நட்டு முடித்துவிடலாம் என்று கையை நீட்டினார். டீச்சர் விடவில்லை. எடுத்தவர்கள்தான் திருப்பி வைக்க வேண்டுமாம், முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராக. மாயாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்து கீழே போனதும் முகங்களெல்லாம் தலைகீழாகின. சிரித்த வாய்கள் அழுதன, அழுத வாய்கள் சிரித்தன. அதைப் பார்க்கப் பிள்ளைகள் குனிந்து கால்களுக்கு நடுவே தலையை விட்டதில் இன்னும் தாமதம்.

மண்வாரி பக்கத்தில் வந்து நின்றது. குறுக்கே பிள்ளைகளைக் கண்ட பங்களாதேஷ்காரன் இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். பின்னாலேயே மைக்கல்ராஜ் மோட்டாரில் வந்து இறங்கினான்.

"என்ன மாமா, முனியாண்டிக்குப் பாலர் பள்ளி தொறந்துட்டீங்களா?"

"ஒன் சாமிக்கு டியூஷன் வேணும்னா சொல்லு. இவங்களையே அனுப்பறேன்."

மைக்கல்ராஜ் சிரித்துக்கொண்டே வட்டத்தைப் பார்வையிட்டான். "அந்தப் பக்கம் பல்லு விழுந்த மாதிரி இருக்கே. அது வழியா மெஷின விட்டுட்டான்னா அப்புறம் என்னையக் கேக்கக் கூடாது. முழுசா அடைங்க லா."

அந்தப் பல் ஜூலியானாவின் கையில் இருந்தது. வரிசையில் சசிதரன் அவளைத் தள்ளிவிட்டு முன்னால் போய்விட்டான். அந்த ஆத்திரத்தில் கோப முகம் ஒட்டிய போத்தலைக் கட்டிக்கொண்டு ஒரு மரத்தடியில் தனியே நின்றாள். மாயாண்டி எட்டிப் பிடுங்கப் போனார். அவள் போத்தலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"புடுங்காதீங்க தாத்தா. கேட்டுப் பாருங்க," என்றாள் டீச்சர்.

"போத்தலே எங்களது. நான் எதுக்குக் கேக்கணும்?"

"கேக்காம எடுத்தது எங்க தப்பு. நீங்களும் புடுங்குனா, அதுதான் சரின்னு நெனச்சுக்குவா."

மாயாண்டி அவளை முறைத்தார். பிறகு குழந்தையிடம் திரும்பி, "குடு புள்ள," என்றார்.

"டீச்சர், தாத்தா கேக்கல. சொல்றாரு."

மைக்கல்ராஜ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. பங்களாதேஷ்காரன் சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கிவிட்டு மண்வாரியில் ஏறினான். மாயாண்டி அவனைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார், அந்தக் காலிக் குழியையும் பார்த்தார்.

"தர்றியா?" என்றார்.

ஜூலியானா யோசித்தாள். "நானே நடறேன். சசி தள்ளக் கூடாது."

"தள்ள மாட்டேன்," என்றான் சசிதரன், யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் நகர்ந்து.

அவள் போய்க் குந்தி, கழுத்தைக் குழிக்குள் திருகி, இரண்டு கையாலும் மண்ணை அமுக்கினாள். மைக்கல்ராஜ் கையைக் காட்டினான். மண்வாரி உறுமிக்கொண்டு வந்து, போத்தல்களுக்கு ஓரடி தள்ளி முகம் திருப்பி, வளைந்து போயிற்று. மேடைக்கு வெளியே இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று.

"இனிமே யாரையாச்சும் கேட்டுட்டுதான் எடுப்போம் தாத்தா," என்றாள் டீச்சர். "கேட்டுட்டுதான்," என்று பிள்ளைகளும் பாட்டாகச் சொன்னார்கள்.

"இன்னிக்குச் சொல்லுவீங்க."

மாயாண்டி குனிந்து ஜூலியானாவின் போத்தலை ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. குதிகாலால் இன்னும் கொஞ்சம் மண்ணை மிதித்து இறுக்கினார். ஒரு மழை அடித்தால் இந்த மூஞ்சியெல்லாம் கரைந்துவிடும். இவர்கள் சொன்ன சொல்லும் அதோடு சேர்ந்து போகும். காலையில் ஏற்ற விட்டுப்போன விளக்கை ஏற்றிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லயத்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

"தாத்தா, இப்ப ஒங்க மூஞ்சி எது?" என்று ஜூலியானா பின்னாலிருந்து கேட்டாள்.

அவர் நடையை எட்டிப் போட்டார். நாளைக் காலையில் வந்து, போத்தல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.