ரப்பர் பூட்ஸும் ஒரு பிடி உப்பும்

தொண்ணூற்றெட்டில் தெமோதரைப் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ரப்பர் பூட்ஸ் ஒரே ஒரு சோடி வந்தது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டில் வைத்துக் கணக்கப்பிள்ளை அதை என்னோடு வேலை செய்யும் அந்தோனியிடம் கொடுத்தார். புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை இனி அவனுக்கு. பகல் பன்னிரண்டுக்கே வீட்டுக்குப் போய்விடலாம். நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை.

மட்டக்களப்புக்கு நெல் வெட்டப் போன வருடம் மணல் சுட்டு என் உள்ளங்கால் கொப்பளித்தது. இங்கே தை மாதப் பனியில் குதிகால் வெடித்து ரத்தம் கசியும். மழை பிடித்தால் அட்டை ஏறி ரத்தம் உறிஞ்சும். அவன் காலில் வெடிப்பு ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலுக்குப் பூட்ஸ்!

"ஏன்டா, மரியகொரட்டி ஒருத்தி பத்தாதா? இன்னொரு பொண்ணு பாக்கவா கெளம்பிட்ட?" என்று அவன் மனைவியை இழுத்துக் கேலி செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் மலை ஏறும்போது கேட்டான். "வீரசிங்கம் அண்ணே, பூட்ஸுக்குள்ளயும் அட்டை பூந்துருமா?"

வெறுங்காலில் போகிற நாங்கள் அட்டைக்கு உப்பும் சவுக்காரமும் குழைத்துப் பூசுவோம். காற்றுப் படுகிற கால், ஒன்றும் ஆகாது. மூடிய பூட்ஸுக்குள் வேர்வையோடு சேர்ந்தால் உப்பு தோலைத் தின்றுவிடும். அது எனக்குத் தெரியும்.

"பூந்துரும். தெனம் ஒரு பிடி உப்ப உள்ள கொட்டிக்க. ஒன்னும் அண்டாது."

"நல்லவேள கேட்டேங்கண்ணே."

நாலாம் நாள் நொண்டினான். பத்தாம் நாள் விரலிடுக்கெல்லாம் தோலுரிந்து சீழ் வைத்துவிட்டது. ஒரு மாதம் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மருந்தடிக்கும் வேலை எனக்கு வந்தது.

பூட்ஸை வாங்க அவனுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். கழுவிக் காயவைத்திருந்தான்.

"அண்ணே, நீங்க உப்புப் போட்டுறாதீங்க. பூட்ஸுக்கு அது ஒத்துக்கல. பாவம், ஒங்களுக்கும் தெரியாதுல்ல."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். மரியகொரட்டி தரையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் தூக்கி வைத்து, வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி ஊதிக்கொண்டிருந்தாள்.

"மெல்லடி," என்றான்.

"சும்மா கெட," என்று மறுபடி ஊதினாள்.

என் காலை இன்றுவரை யாரும் மடியில் வைத்ததில்லை.

"ஏங்கண்ணே நிக்கிறீங்க? வேற ஏதும் வேணுமா?" என்றாள் அவள்.

"ஒன்னுமில்ல," என்றேன். பூட்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினேன்.