இரட்டைப் பூட்டு

அந்தச் சுகாதார நிலையத்துக்கு ஒரே ஒரு துப்புரவுக்காரிதான் உண்டு. அவள் பெயர் நைகாகா. இந்தச் சின்ன விஷயம் ஊழல் ஒழிப்புத் திட்டத்தில் ஒருவர் தலையிலும் உறைக்கவில்லை. எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், என்ன செய்வது!

வெளிநாட்டுப் பணத்தில் நடந்த திட்டம் அது. நிலையத்தின் சுவரில் நீலப் பெயின்ட்டில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிவைத்தார்கள். அரசாங்க மருந்தை யாராவது திருடினால் அழையுங்கள், உங்கள் பெயர் வெளியே வராது என்று ஊர் ஊராக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நைகாகா அழைத்தாள். அழைக்கக் காரணம் இருந்தது.

போன வருடம் அவளுடைய மூத்த மகள் இதே நிலையத்தில் பிள்ளை பெற்று, ரத்தம் நிற்காமல் கிடந்தாள். ரத்தத்தை நிறுத்தப் போடும் ஊசி தீர்ந்துபோய்விட்டது என்று டாக்டர் பலிதாவா கையை விரித்தார். அதே ஊசி, அரசாங்க முத்திரையோடு, கடைவீதியில் அவருடைய சொந்த மருந்துக்கடையில் இருந்தது. ஆள் ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் மகள் போய்விட்டாள். பிறந்த பிள்ளையும் மறுநாள் போனது. அந்தத் தரையைத் துடைத்ததும் நைகாகாதான். அவள் வேலை அது.

இப்போது இளையவள் நங்கோபிக்கு ஏழாம் மாதம். பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரி கிடையாது. இவளுக்கு வலி எடுக்கும் நாளில் அந்த ஊசி அலமாரியில் இருக்கவேண்டும். நைகாகாவுக்கு வேறொன்றும் வேண்டாம். டாக்டர் ஜெயிலுக்குப் போகட்டும், போகாமல் மாடி வீடு கட்டிக்கொண்டு கிடக்கட்டும், ஊசி இருந்தால் போதும்.

அவள் புகார் தலைநகர் கம்பாலாவுக்குப் போனது. அங்கிருந்து கடல் தாண்டிப் பணம் கொடுக்கிறவர்களிடம் போனது. அவர்கள் படித்து நெஞ்சுருகி, மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மாவட்ட அலுவலகம் ‘உரிய விளக்கம் தரவும்’ என்று எழுதி டாக்டரின் மேசைக்கே அனுப்பிவைத்தது. ஐந்து வாரம் ஊரைச் சுற்றிவிட்டு, அவள் பெருக்குகிற அறைக்கே வந்து சேர்ந்தது அந்தக் காகிதம்.

டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

“வா நைகாகா, இதப் பாரு. உன் பேரை எவ்ளோ அழகா கறுப்பு மையால மறைச்சிருக்காங்க. ஒரு எழுத்துகூடத் தெரியல.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டாக்டரய்யா.”

“பரவால்ல, நான் படிச்சிட்டேன். பேருக்குக் கீழ ‘நிலையத்தின் துப்புரவுப் பணியாளர்’னு போட்டிருக்கு.” அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “சின்னவளுக்கு எத்தன மாசம்?”

“எட்டுங்க.”

“ம். உடம்ப பத்திரமாப் பாத்துக்கச் சொல்லு.”

வேலையை விட்டுத் தூக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் நைகாகாவை அன்றிரவு தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் திட்டத்துக்காரர்கள் மாமரத்தடியில் மக்கள் கூட்டம் போட்டார்கள். அதிகாரிகள் நாற்காலியில் உட்கார, ஜனங்கள் எழுந்து குறை சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. வெளிநாட்டம்மா இங்கிரிட் வந்திருந்தாள். அவளுக்கு மொழிபெயர்க்க முதேசி என்ற பெண் பக்கத்தில் இருந்தாள். முதேசி நாலு மைல் தள்ளிப் பிறந்தவள்தான், இந்த ஊர்ப் பேச்சுதான் அவளுக்கும் தாய்ப்பேச்சு. நைகாகா இருப்பதிலேயே நல்ல கோமெசி அங்கியை உடுத்தி, சொல்லவேண்டியதை வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்தாள். எந்தக் கிழமை, எத்தனை பெட்டி, எந்த மோட்டார் சைக்கிள், எல்லாம் மனப்பாடம்.

அவள் முறை வந்தது. முன்னால் போனாள். நாற்காலியில் மாவட்டத்துப் பெரியவர்கள், நடுவில் டாக்டர். ஒரு பெண்பிள்ளை பெரியவர்கள் முன்னால் நின்றபடியே வாய் திறப்பாளா? மண்டியிட்டாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ராத்திரி நல்லபடியாகக் கழிந்ததா, வீட்டில் எல்லோரும் சுகமா, பிள்ளைகள் சுகமா என்று முறைப்படி கேட்கத் தொடங்கினாள். தன் மகளைக் கொன்றவனாகவே இருக்கட்டும், வணக்கம் சொல்லாமல் சண்டையை ஆரம்பிக்க அவளுக்குத் தெரியாது.

டாக்டர் சட்டென்று குனிந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “சுகம் தாயே, சுகம்” என்றார். பிறகு தலையைத் திருப்பி இங்கிரிட்டிடம் இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னார். குரல் தழுதழுத்தது. இங்கிரிட் முதேசியைப் பார்த்தாள். முதேசி தன் செருப்பைப் பார்த்தாள். இங்கிரிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினாள். படம் பிடித்தார்கள். வெள்ளைக்காரி தட்டுகிறாளே என்று கூட்டமும் தட்டியது. பேச வந்ததற்கே இவ்வளவு மரியாதையா என்று நைகாகாவுக்கு உடம்பு சிலிர்த்தது, பாவம்.

“போதும்க்கா, போய் உக்காருங்க” என்றாள் முதேசி.

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலயே!”

“அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சிருச்சு. உக்காருங்க.”

அதற்குள் இங்கிரிட் எழுந்து இரண்டு பெரிய பூட்டுகளைத் தூக்கிக் காட்டினாள். இனி மருந்தறைக் கதவுக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி டாக்டரிடம், இன்னொன்று வட்டார அதிகாரியிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும், தனியாக ஒருவர் கை வைக்க முடியாது. அன்றைக்கு அலமாரி முழுக்கப் புது மருந்தை அடுக்கி, அதையும் படம் பிடித்துவிட்டுத்தான் பூட்டினார்கள். அப்புறம் ஆட்டுக்கறிச் சாப்பாடு.

சாப்பாட்டு வரிசையில் நைகாகா முதேசியின் கையைப் பிடித்தாள். “டாக்டரு என்னடி சொன்னாரு?”

“நீங்க பொய்ப்புகார் குடுத்துட்டதா மண்டி போட்டு மன்னிப்புக் கேக்கறீங்களாம். மக செத்த துக்கத்துல புத்தி தடுமாறிப் பேசிட்டீங்களாம். அவரு மன்னிச்சிட்டாராம்.”

“அடிப்பாவி! நான் சுகம்தானடி விசாரிச்சேன்! உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?”

“மாவட்டத்த பகைச்சிட்டா திட்டத்த மூடிருவாங்கக்கா. மூடினா என் வேல போயிரும். விடுங்க. மருந்தப் பூட்டி வெச்சாச்சுல்ல? நீங்க கேட்டது அதானே?”

நைகாகா அவளை மனசாரச் சபித்தாள். ஆனாலும் வீட்டுக்கு நடக்கையில் சபிக்கிற வேகம் குறைந்துவிட்டது. மானம் போனது போகட்டும். ஊசி உள்ளே இருக்கிறது, தன் கண்ணால் பார்த்தாயிற்று.

நங்கோபிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வலி எடுத்தது. பத்து மணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது, நல்ல தொண்டையோடு. அதன்பின் ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் வயிற்றை அமுக்கினாள், துணியை வைத்தாள், டாக்டரைப் பார்த்தாள்.

“ஊசி மருந்தறையில இருக்கு” என்றார் டாக்டர்.

“திறங்க டாக்டரய்யா!”

“என் சாவி இதோ. இன்னொரு சாவி அதிகாரிகிட்ட. அவரு ஜிஞ்சா டவுன்ல இருக்காரு, திட்டத்துக்காரங்க நடத்துற நேர்மைப் பயிற்சி. வெள்ளிக்கிழமதான் வருவாரு.”

“உங்க கடையிலேர்ந்தாவது குடுங்க, கும்பிடறேன்!”

“என் கடையில இருக்கறது திருட்டு மருந்துன்னு நீதானம்மா சொன்ன? திருட்டு மருந்தப் போயி உன் பொண்ணுக்குப் போடலாமா?”

“அப்ப கதவ உடைங்க!”

“அரசாங்கக் கதவு. நான் தொடமாட்டேன்.” அவர் ஒதுங்கி வழி விட்டார். நிதானமாக, விருந்தாளிக்கு வழி விடுவது போல.

நைகாகா முற்றத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். கதவிடுக்கில் கொடுத்து நெம்பினாள். பாழாய்ப்போன கதவு ஒரே நெம்பில் கீல் பக்கம் பெயர்ந்து வந்தது. இரண்டு பூட்டும் மறுபக்கம் அசையாமல் தொங்கின. கீலில் திருகாணித் துளைகள் தேய்ந்து அகன்றிருந்தன. யாரோ பல தடவை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. உள்ளே பெட்டிகள் அன்றைக்குப் படம் பிடித்தபோது இருந்த மாதிரியே வரிசையாக இருந்தன. ஊசிப் பெட்டி எது என்று எழுத்து தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். மஞ்சள். பிய்த்தாள். காலி. இன்னொன்று. காலி. வெள்ளைப் பெட்டி, பச்சைப் பெட்டி, கைக்கு வந்ததையெல்லாம் பிய்த்தாள். ஒரு மாத்திரை கூட விழவில்லை.

பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. நர்ஸ், காவல்காரர், வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரையும் வாசலுக்குக் கூட்டி வந்திருந்தார்.

“எல்லாரும் பாத்துக்குங்க. கதவ உடைச்சது யாரு? உள்ள இருந்த மருந்து எல்லாம் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?”

காலிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நைகாகா பிரசவ அறைக்கு ஓடினாள். நங்கோபியின் உதடு வெளுத்திருந்தது. “அம்மா, குளுருது” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போலீஸ்காரன் வந்து கையைப் பிடித்தபோது நைகாகா மகளின் பாதங்களைத் தன் துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் முதேசி ரொட்டியும் பால் டீயும் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு வந்தாள். கம்பிக்கு வெளியே குந்தி உட்கார்ந்தாள்.

“கேஸ் ஸ்ட்ராங்கா இருக்குக்கா. கையும் களவுமா பிடிச்சதுன்னு எழுதியிருக்காங்க. இந்தத் திட்டம் வந்ததுலேர்ந்து முதல்முதலா ஒரு கேஸ் கோர்ட்டுக்குப் போகுது. இன்னும் மூணு வருஷம் நீட்டிச்சிட்டாங்க.”

“உன் வேல?”

முதேசி டீயைக் கம்பிக்குள் நகர்த்தினாள்.

“எம் பொண்ண எடுத்துட்டாங்களா?”

“நேத்து அடக்கம். நல்லபடியா நடந்துச்சு. டாக்டர்தான் பெட்டி வாங்கிக் குடுத்தாரு, வண்டியும் அனுப்பினாரு. குழிப்பக்கத்துல நின்னு அவர் பேசினப்ப ஊரே அழுதுச்சு.”

நைகாகா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு “பிள்ள?” என்றாள்.

“பிள்ள நல்லாருக்கு. பால்மாவு எல்லாம் டாக்டர்தான் தர்றாரு. கடனா இல்ல, சும்மாவே.” முதேசி எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “உங்க மருமகன் நன்றிக்கு அவரு பேரையே பிள்ளைக்கு வெச்சிட்டாரு.”