மண்ணூர் காற்றில் இரண்டு கல்யாணப் பேச்சு

1

இது கட்டுரையாகத்தான் இருந்திருக்க வேண்டும். லைசென்ஸ் தேவைப்படாத ரேடியோ அலைவரிசையை செல்போனும் வைஃபையும் சண்டையில்லாமல் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்று எழுதித் தரச் சொன்னார்கள். "அலைவரிசை என்பது பொதுச் சொத்து, ஆகவே அதை…" என்று தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிரவீனா, தன் கல்யாணத்தில் நடந்த கூத்தைச் சொன்னார். கட்டுரை அத்தோடு காலி.

2

(முதல் தொடக்கம்: "1991 செப்டம்பர். மண்ணூரின் மேல் கருமேகங்கள்…" அடித்துவிட்டேன். மேகத்துக்கு இந்தக் கதையில் வேலையில்லை.)

மண்ணூரில் ரைஸ் மில் வைத்திருந்த புருஷோத்தமன் பர்மா பஜாரிலிருந்து ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வந்தார். ஒயர் இல்லாமல் மொட்டை மாடி வரை பேசலாம். மில்லுக்குப் பின்னாலேயே சர்ச். அங்கே மஸ்கட்டிலிருந்து வந்த, ஒயர் இல்லாத மைக். அப்போது இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும், இரண்டுக்குமே கிடையாது. இரண்டும் ஒரே அலைவரிசை. போன் வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்ததால் இது யாருக்கும் தெரியாது.

மறுநாள் சர்ச்சில் பிரவீனாவுக்கும் ஜோயலுக்கும் கல்யாணம். புருஷோத்தமனின் மகள் லீலா, அப்பா அங்கே கிளம்பட்டும் என்றுதான் காத்திருந்தாள். குன்றத்தூர் ஜவுளிக்கடை ரகுபதிக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். வேண்டாமென்று அப்பாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளையிடமே சொல்லிவிடுவது என்று போனை எடுத்துக்கொண்டு மாடியேறினாள். ஜவுளிக்கடை நம்பரை அழுத்தினாள்.

(ரகுபதியை வில்லனாக்கிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. மனிதர் வெறும் கூச்ச சுபாவக்காரர்.)

3

சர்ச்சில் பாஸ்டர் யாக்கோபு, இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டு, பேட்டரி வீணாகக் கூடாதென்று மைக்கை அணைத்தார்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

"எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்லீங்க."

சர்ச்சே ஜோயலைப் பார்த்தது. பிரவீனா முக்காட்டை விலக்கிக்கொண்டு, யார் அவள் என்று பல்லைக் கடித்தபடி கேட்டாள். சத்தியமாகத் தெரியாதென்றான் ஜோயல். அவன் கோட்டு அக்குளில் நனைந்துவிட்டது.

பாஸ்டர் மைக்கைப் போட்டார். "காரணம் இன்னான்னு சொல்லும்மா." மறுபடி அணைத்தார்.

(மைக் பேசினால் பாஸ்டர் குரல் போனுக்குள் நுழையும், மைக் ஓய்ந்தால் போன் குரல் ஸ்பீக்கரில் ஏறும். கட்டுரையிலிருந்து காப்பாற்ற முடிந்தது இந்த ஒரு வரிதான்.)

ரகுபதியின் அப்பா போனை வாங்கிக்கொண்டார் என்றே லீலா நினைத்தாள். காரணம் கேட்கிறாரே என்று பயம் எங்கேயோ போய்விட்டது.

"பொண்ணு பாக்க வந்தவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. எங்கப்பாகிட்ட ரைஸ் மில்லப் பத்தியே பேசிக்கினு இருந்தாரு. அவருக்குப் புடிச்சது என்னை இல்லீங்க, மில்லுதான்."

மண்ணூரில் ரைஸ் மில் ஒன்றே ஒன்று. ஜோயலுக்கு உயிர் வந்தது. பிரவீனாவுக்குச் சிரிப்பு பொங்கியது. பாடகர் குழுவுக்கும் தொற்றியது. எல்லாத் தலையும் பின் பெஞ்சுக்குத் திரும்பியது.

புருஷோத்தமன் எழுந்தார். மனிதர் கோபக்காரர். சிரிப்பு சட்டென்று அடங்கியது. நேராகப் போய் பாஸ்டர் கையிலிருந்த மைக்கை வாங்கி ஆன் செய்தார்.

"லீலா, அப்பா பேசறன். வேணாம்னா வேணாம்மா. எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்." மணமக்களைத் திரும்பிப் பார்த்தார். "இங்க ஒரு கல்யாணம் நடக்கணும். போன வை."

மாடியில் லீலா போனைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

4

பிறகு பாஸ்டரும் புருஷோத்தமனும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். யார்மேல் யார் புகார் கொடுத்தாலும் இருவர் சாமானும் பறிபோகும். அதனால், வாயைத் திறக்குமுன் காது கொடுப்பது. அடுத்தவர் பேச்சு ஓடினால் பொறுப்பது. இன்றைய கருவிகள் காற்றைப் பங்கிடுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான் என்று எழுதி, கட்டுரைக்கும் இதையே அனுப்பிவிட்டேன். பணிவோடு திருப்பி அனுப்பினார்கள்.

5

முடிவில்தான் சிக்கல். லீலா போனை வைக்கவில்லை. ரகுபதியும் வைக்கவில்லை, அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது. ஜோயல் பிரவீனாவுக்கு மோதிரம் போட்டபோது பாஸ்டர் மைக்கை அணைக்காமல் ஜெபித்துக்கொண்டே இருந்தார். அந்தக் குரலின் அடியில், மண்ணூரில் யாருக்கும் கேட்காமல், லீலாவும் ரகுபதியும் பேசினார்கள்.

அவர் மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். கூச்சக்காரர் வாய் திறந்ததும் லீலா மனசு மாறிவிட்டாள் என்று இன்னொன்று. மாறவில்லை, ஆனால் ரொம்ப நாள் சிநேகிதர்களாக இருந்தார்கள் என்று… இதைப் பாதியில் விட்டேன். அன்று என்ன பேசினார்கள் என்று லீலா அக்கா இன்னும் வாயே திறக்கவில்லை என்கிறார் பிரவீனா.

பாஸ்டர் இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். ஜெபத்துக்கு அடியில் உங்களுக்கு என்ன கேட்கிறதோ, அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.